காய்ச்சல் பிரதமருக்கு, கமரா யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

கொரோனா காலத்தைப் பற்றி பிரித்தானியாவில் வந்த தொலைக்காட்சி நாடகங்களை ஒருக்கால் பாருங்கள் என்று சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதம், வட்ஸ்அப் எல்லாம் அதே கதை. லண்டனில் பிள்ளையோ மருமகனோ இல்லாத தெரு இங்கே யாழ்ப்பாணத்தில் குறைவு என்பதால் ஆச்சரியமில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கே: அண்ணை, லண்டனில இருக்கிற மருமகன் 'திஸ் இங்கிலாண்ட்' எண்ட தொடரைப் பாக்கச் சொன்னார். பொரிஸ் ஜோன்சனா நடிக்கிறவர் அச்சு அசல் அவரேதான். ஆனா அதில வாறது எல்லாம் நடந்ததோ, இல்லாட்டிச் சும்மா சோடிச்சதோ?
— ஒரு வாசகர், கொக்குவில்

ப: நாள், திகதி, மேடையில் பேசிய பேச்சு, இதெல்லாம் பெரும்பாலும் நடந்தது. பூட்டிய கதவுக்குள் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது எழுதியவர்களின் ஊகம். ஆறு பகுதிகள், ஸ்கை அட்லாண்டிக்கில் 2022 செப்டெம்பர் 28 அன்று தொடங்கியது. ஒரு கிழமை முந்தியே வந்திருக்க வேண்டியது, மகாராணி காலமானதால் தள்ளிப்போட்டார்கள். ஜோன்சனாக நடித்தவர் கெனத் பிரானா. நாடகம் வந்தபோது ஜோன்சன் பதவியை விட்டு மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. நாற்காலியின் சூடு ஆறவில்லை, அதற்குள் ஆளை ரீவியில் போட்டுவிட்டார்கள்.

நடந்த கதையை வரிசையாகப் பார்த்தாலே போதும், கற்பனை தேவையில்லை. 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய கொண்டாட்டம். பெப்ரவரியில் பிரதமர் நாட்டுப்புற மாளிகையில் ஓய்வு. அவசரகாலக் குழுவின் முதல் ஐந்து கூட்டங்களுக்கு அவர் போகவில்லை. மார்ச் 3 அன்று பத்திரிகையாளர் முன்னால் நின்று, ஆஸ்பத்திரிக்குப் போனேன், கொரோனா நோயாளரும் இருந்திருப்பார்கள், எல்லாருக்கும் கைகொடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னார். மார்ச் 23 அன்று முடக்கம். 27 அன்று அவருக்கே தொற்று. ஏப்ரல் 5 ஆஸ்பத்திரி, அடுத்த நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, 12 அன்று வெளியே வந்துவிட்டார், 29 அன்று ஆண் குழந்தை பிறந்தது. இதை ஒரு கதாசிரியர் தானாக யோசித்து எழுதியிருந்தால், இவ்வளவையும் மூன்று மாதத்துக்குள் திணிக்காதே என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பியிருப்பார்.

இல்லாதது என்ன என்றும் பார்க்க வேண்டும். படப்பிடிப்பு நடந்தது 2021இல். பிரதமர் அலுவலகத்தில் முடக்க காலத்தில் விருந்துகள் நடந்த விஷயம் வெளியே வந்தது அந்த ஆண்டு நவம்பர் கடைசியில். 2022 ஏப்ரலில் ஜோன்சனுக்குப் பொலிஸ் அபராதமும் விதித்தது, பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதாக அபராதம் கட்டிய முதல் பிரித்தானியப் பிரதமர் அவர்தான். இது எதுவும் தொடரில் வராது. அப்புறம் பொது விசாரணை நடந்து, 2025 நவம்பரில் வந்த அறிக்கை, முடக்கத்தை ஒரு கிழமை முந்திக் கொண்டுவந்திருந்தால் இங்கிலாந்தில் முதல் அலையில் ஏறத்தாழ 23,000 பேர் செத்திருக்க மாட்டார்கள் என்று கணக்குச் சொன்னது. அந்த ஒரு கிழமைதான் முழு நாடகமும் என்பது என் எண்ணம். தொடரில் அது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது.

கே: தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்தத் தொடரைப் பார்த்து முடித்தபோது எனக்குப் பொரிஸ் மேல் கோபம் வரவில்லை, பாவம் என்றுதான் வந்தது. நான் பிழையாகப் பார்த்தேனோ?
— ஒரு வாசகி, சாவகச்சேரி

ப: இல்லை ரீச்சர், நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள், நாடகம்தான் உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனது. மனிதர் மூச்சுத் திணறுகிறார், பக்கத்தில் பிள்ளைத்தாச்சிப் பெண், இரவில் கெட்ட கனவு, கனவுக்குள் ஷேக்ஸ்பியர் வரிகள். தலைப்பே 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் சாகக் கிடக்கிற கிழவர் தன் நாட்டைப் பற்றிப் பேசும் இடத்திலிருந்து எடுத்ததுதான். ஒரு ஆளின் முகத்தை இவ்வளவு கிட்டவாக, இவ்வளவு நேரம் காட்டினால் எவன் மேலும் இரக்கம் வரும். நம் கூத்தில் இராவணன் சாகிறபோது அழுகிற ஆட்கள் நாங்கள்.

ஆனால் அதே தொடரில் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி சாகிறாள், ஆஸ்பத்திரி வாங்கில் ஒருவர் கிடக்கிறார், தாதி ஓடுகிறாள். காட்சி நல்ல காட்சிதான். ஆனால் இரண்டு மூன்று நிமிடம், பிறகு வேறு ஆள், வேறு கட்டில். அவர்களின் பெயர் நமக்கு மனதில் நிற்பதில்லை. அவர்களுக்குக் கனவு கிடையாது. கனவு காண்கிற உரிமை பிரதமருக்கு மட்டும்தான்.

இதில்தான் எனக்கு அந்தத் தொடரோடு சண்டை. சோதனை செய்யாத நோயாளரை ஆஸ்பத்திரியிலிருந்து முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினார்கள், அந்தக் கொள்கை சட்டத்துக்கு முரணானது என்று 2022 ஏப்ரலில் லண்டன் மேல் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அது ஒரு மேசையில், ஒரு கடதாசியில், ஒரு நாள் எடுத்த முடிவு. அந்த மேசையை விட்டுவிட்டுத் தலைவரின் மனவேதனையைக் காட்டினால், பார்க்கிற ஆளுக்கு அரசாங்கமும் வைரசால் பாதிக்கப்பட்ட இன்னொரு நோயாளி மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

பிரானாவின் நடிப்பைக் குறை சொல்லவில்லை. நடை, தலையைக் கோதுகிற விதம், வசனத்தை விழுங்கிவிட்டு முழிக்கிற முழி, எல்லாம் பிரமாதம். அவ்வளவு நன்றாக நடித்ததுதான் பிரச்சினையே.

கே: என்ர மகள் அங்க நேர்ஸ். அந்த ரெண்டு வருசமும் போன் எடுத்தால் "சுகமா இருக்கிறன் அம்மா" எண்டு மட்டும்தான் சொல்லுவாள். உண்மையில அவளுக்கு என்ன நடந்தது எண்டு விளங்கிக்கொள்ள எந்த நாடகத்தைப் பாக்கிறது?
— ஒரு தாய், மானிப்பாய்

ப: அம்மா, 'பிரெத்டேக்கிங்' பாருங்கள். ஐரீவியில் 2024 பெப்ரவரியில் வந்தது, மூன்றே பகுதி. ரேச்சல் கிளார்க் என்ற வைத்தியர் தன் அனுபவத்தை எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது. ஜோஆன் ஃபிரோகட் ஒரு ஆஸ்பத்திரியின் மூத்த வைத்தியராக நடிக்கிறார். திரைக்கதை எழுதிய மூன்று பேரும் ஒரு காலத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டியவர்கள்தான். கிளார்க் ஒருவர், ஜெட் மெர்கூரியோ ஒருவர், மற்றவர் பிரசன்னா புவனராஜா. பெயரைப் பார்த்ததும் உங்களுக்கு விளங்கியிருக்கும், நம்ம ஆட்களின் பிள்ளைதான். வைத்தியம் படித்துவிட்டு நடிக்கப் போனவர், 'த கிரவுண்' தொடரில் மார்ட்டின் பஷீராக வந்தவரும் இவரே. பிள்ளை டொக்டர் வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்றால் நம்ம வீடுகளில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தால் அந்த மனிதர் மேல் இன்னும் மரியாதை வருகிறது.

இந்த நாடகத்தில் பிரதமராக ஒரு நடிகரும் இல்லை. அரசாங்கம் வருவது உண்மையான செய்தியாளர் மாநாட்டுக் காட்சிகளாக மட்டும்தான். அமைச்சர் மேடையில் நின்று எல்லாம் கட்டுப்பாட்டில் என்கிறார், அடுத்த காட்சி வார்ட். ஒன்றும் விளக்கத் தேவையில்லை. ஒரு இடத்தைக் கவனித்துப் பாருங்கள், முகக்கவசப் பிரச்சினை. 2020 மார்ச்சில் வழிகாட்டலை மாற்றுகிறார்கள். அதுவரை முகத்தோடு இறுக்கிப் பிடிக்கிற, காற்றை வடிகட்டுகிற கவசம். அதற்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் சில சிகிச்சைகளுக்கும் மட்டும் அது, மற்ற வார்டுகளுக்கு மெல்லிய சாதாரண மாஸ்க். நேற்று வரை ஆபத்து என்றது இன்றைக்கு எப்படி ஆபத்தில்லாமல் போனது என்று கேட்டால், வழிகாட்டல் அப்படித்தான் என்று பதில். அரசாங்கம் ஒரு கொள்ளைநோயைக் கையாள்வது என்றால் கடைசியில் இதுதான்: எங்கேயோ யாரோ மாற்றிய ஒரு பந்தி, இங்கே ஒரு தாதியின் மூக்கில் வந்து உட்காருகிறது.

மகள் சொல்லாததைக் கேட்டுத் துளைக்க வேண்டாம். நாடகத்தைப் பார்த்துவிட்டு, பார்த்தேன் பிள்ளை என்று மட்டும் சொல்லுங்கள். சொல்ல இருந்தால் அவவே சொல்லுவா.

கே: எங்கட வீட்டில பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்து மணி வரைக்கும் சென்னைச் சீரியல்தான். அதில ஒருத்தருக்காவது கொரோனா வந்ததோ?
— 'சீரியலால் சாப்பாடு பிந்துகிறவர்', சுன்னாகம்

ப: வந்தால் மாமியாரும் மருமகளும் பதினாலு நாள் வேறு வேறு அறையில் இருக்க வேண்டுமே, கதை எப்படி ஓடும்? 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்று பழையதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், பிறகு விட்ட இடத்தில் தொடங்கினார்கள். சாப்பாட்டை நீங்களே போட்டுச் சாப்பிடப் பழகுங்கள்.

கே: ஐயா, என் கணவர் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்). 2020, 2021 ரெண்டு வருசமும் அவர் வீட்டுக்குள் வந்து படுத்தது குறைவு, வெளி விறாந்தையில்தான் படுக்கை. டொக்டரைக் காட்டுகிறார்கள், நேர்சைக் காட்டுகிறார்கள், ஒரு நாடகத்திலாவது பி.எச்.ஐயைக் காட்டியிருக்கிறார்களா?
— ஒரு வாசகி, நெல்லியடி

ப: தங்கச்சி, பிரித்தானிய நாடகத்தில் வராது, ஏனென்றால் அங்கே அப்படி ஒரு ஆள் வாசலுக்கு வருவதில்லை. இங்கே ஊரில் அரசாங்கம் என்றால் அந்த நாட்களில் மூன்று பேர்தான்: சீருடைக்காரர், கிராம சேவகர், உங்கள் கணவர். கிராம சேவகர் கையில் 5,000 ரூபாய்க் கொடுப்பனவின் பட்டியல். அதில் பெயர் இல்லாதவர் எல்லாரும் கொழும்பைத் திட்டவில்லை, அவரைத்தான் திட்டினார்கள். பி.எச்.ஐ கையில் அறிவித்தல்.

நான் எழுதினால் இப்படித்தான் ஒரு காட்சி வைப்பேன். காலமை, ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் வருகிறது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு யன்னல் அரை அளவு திறக்கிறது. அவர் இறங்கி, பைலை சீற்றில் வைத்து, இந்த வீடு தனிமைப்படுத்தப்பட்டுள்ளது என்ற கடதாசியை எடுக்கிறார். கேற்றில் தூசி, பிளாஸ்டர் ஒட்டவில்லை, கையால் துடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டுகிறார். உள்ளேயிருந்து வீட்டுக்காரி மெதுவாக, "தம்பி, உள்பக்கமா ஒட்டுங்கோவன்" என்கிறா. அவர் என்ன செய்வார்? சட்டப்படி வெளிப்பக்கம்தான். ஆனால் அந்த வீட்டில் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற பெட்டை இருக்கிறது, இது அவருக்கும் தெரியும், எதிர்வீட்டு யன்னலுக்கும் தெரியும். அவர் வெளிப்பக்கம்தான் ஒட்டுகிறார், ஆனால் எழுத்து கொஞ்சம் மறைகிற மாதிரி பூமரக் கொப்பு தொங்குகிற பக்கமாக ஒட்டுகிறார். இந்த ஒரு நிமிடத்தை ஒழுங்காக எடுத்தால் அமைச்சரவைக் கூட்டம் நாலு பகுதிக்குக் காட்டத் தேவையில்லை.

அந்தப் பைலுக்குள் இருந்த சட்டம் எது தெரியுமோ, 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். கப்பலில் பிளேக் வரும் என்று வெள்ளைக்காரன் பயந்த காலத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் 2020இல் கேற்றைத் தட்டினார்கள். எங்களுக்குச் சரியான சட்ட அதிகாரத்தை வர்த்தமானியில் போடுங்கள் என்று கேட்டு 2020 ஜூலையில் பி.எச்.ஐமார் கொரோனா வேலையிலிருந்து விலகி நின்றதும் நினைவிருக்கும், உங்கள் வீட்டில் அது இன்னும் நன்றாக நினைவிருக்கும்.

கே: நோய் ஒன்றால் அரசியல் மாறிய கதை நம் நாட்டில் உண்டா?
— ஒரு மாணவி, பருத்தித்துறை

ப: உண்டு. 1934–35 மலேரியா. மழை பொய்த்து, ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாய்த் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகியது. தென்மேற்குப் பக்கம்தான் பேரழிவு, ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். சூரியமல் இயக்கம் என்ற இடதுசாரி இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பக்கம் கிராமம் கிராமமாக மருந்தும் பருப்பும் கொண்டுபோனார்கள். அதில் என்.எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா', அதாவது பருப்பு ஐயா என்றே பெயர் விழுந்தது. 1935 டிசம்பரில் இந்த ஆட்கள் சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கினார்கள், 1936இல் அவரும் பிலிப் குணவர்தனவும் அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குள் போனார்கள். இதைச் சிங்களத்திலோ தமிழிலோ யாராவது தொடராக எடுத்தால் முதல் ஆளாக நான் பார்ப்பேன்.

கே: அண்ணை, கம்பஸில நாங்கள் கொஞ்சப் பொடியள் குறும்படம் எடுக்கிறனாங்கள். இலங்கை அரசாங்கம் கொரோனாவைக் கையாண்ட கதையை ஆறு பகுதியா எடுக்கிறதெண்டால் எங்க தொடங்குவீங்கள்?
— ஒரு மாணவர், திருநெல்வேலி

ப: எங்கே தொடங்கக் கூடாது என்று முதலில் சொல்கிறேன். அலரி மாளிகையில் தொடங்காதீர்கள், ஜனாதிபதி யன்னலோரம் நின்று யோசிக்கிற காட்சியும் வேண்டாம். பாணி மருந்திலும் தொடங்காதீர்கள். கொரோனாவுக்கு மருந்து என்று கேகாலை ஆள் ஒருவர் காய்ச்சிய பாணியை அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி எல்லாரும் பார்க்கக் குடித்ததும், மந்திரித்த முட்டியை ஆற்றில் போட்டதும், பிறகு 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று வந்ததும் சிரிக்க நல்ல சாமான்தான். ஆனால் அதில் தொடங்கினால் முழுக் கதையும் பகிடியாகிவிடும். முட்டாள்கள் ஆண்டார்கள், அதனால் இப்படி நடந்தது என்று பார்க்கிறவர் எழும்பிப் போய்விடுவார். நடந்தது அப்படி இல்லை.

திகதிகள் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2020 ஜனவரி 27 அன்று முதல் நோயாளியாகச் சீனச் சுற்றுலாப் பயணி ஒருவர், மார்ச் 2 அன்று பாராளுமன்றம் கலைப்பு, மார்ச்சின் இரண்டாம் கிழமையில் முதல் உள்ளூர் நோயாளி, 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு. பாராளுமன்றம் இல்லாத நாட்டில் கொள்ளைநோய்! ஏப்ரல் 25க்கு வைத்த தேர்தல் ஓகஸ்ட் 5 வரை இழுபட்டது. கொரோனா தடுப்பு நிலையத்துக்குத் தலைவர் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. லண்டனில் இதே கதையில் கமிங்ஸ் என்ற பிரதமரின் ஆலோசகர் வருவார், ஊரை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டுத் தான் குடும்பத்தோடு காரில் போய், கண்பார்வையைச் சோதிக்கப் போனேன் என்று பிரதமர் அலுவலக ரோசாத் தோட்டத்தில் இருந்து விளக்கம் சொன்னவர். நமக்கு ஆலோசகர் இல்லை, தளபதி. கதையின் நிறமே மாறிவிடுகிறது.

யாழ்ப்பாணத்துப் பகுதியை எழுதும்போது அந்த நிறத்தை விடாதீர்கள். மார்ச் 15 அன்று அரியாலையில் சுவிஸிலிருந்து வந்த போதகர் ஒருவரின் ஆராதனை, அவருக்குத் தொற்று என்று பிறகுதான் தெரிந்தது. 22 அன்று யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளி. அப்புறம் போனவர் யார், வந்தவர் யார் என்று தேடல். சிலரை விடத்தற்பளை மாதிரி இராணுவம் நடத்திய முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். வைரசுக்கு இராணுவ பஸ்ஸும் ஒன்றுதான் அம்புலன்சும் ஒன்றுதான். ஆனால் வாசலில் இராணுவ பஸ் வந்து நின்று பெயர் கூப்பிட்டால் 1996இல் இராணுவம் கூட்டிக்கொண்டுபோன பிள்ளைகள் காணாமல் போனதைக் கண்ட தாய்க்கு எது நினைவு வரும்? அந்தப் படைவீரன் தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கற்றும் நீட்டியிருக்கலாம், நல்ல பிள்ளையாகவும் இருந்திருக்கலாம், இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் அது பிரசாரம்.

சரி, எங்கே தொடங்குவேன்? 2020 ஏப்ரல் 11 வர்த்தமானியில். கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும், புதைப்பதே மார்க்கமான முஸ்லிம்களையும் சேர்த்து. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது, மற்ற நாடுகள் புதைத்துக்கொண்டிருந்தன. நிலத்தடி நீருக்குள் வைரஸ் போகும் என்று இங்கே நிபுணர் குழு ஒன்று சொன்னது. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் டிசம்பர் 1 அன்று காரணம் சொல்லாமலே தள்ளுபடி. அதே மாதம் இருபது நாள் குழந்தை ஒன்றைத் தாய் தகப்பனின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் சனம் எதிர்ப்பாக வெள்ளைத் துணித் துண்டுகளைக் கொண்டுவந்து கட்டியது, இரவோடிரவாக யாரோ கழற்றினார்கள், திரும்பக் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் கிழக்கே பொத்துவிலில் தொடங்கிய எதிர்ப்பு நடை வடக்கே பொலிகண்டியில் வந்து முடிந்தபோது, அதன் கோரிக்கைகளில் ஜனாஸா (முஸ்லிம்களின் பூதவுடல்) எரிப்பை நிறுத்துவதும் ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பாதையில் நடந்ததை இந்தத் தலைமுறை அடிக்கடி கண்டதில்லை. அந்த மாதக் கடைசியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோனார், வர்த்தமானி மாறியது, ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

பத்து மாதத்துக்கு மேல். இந்தப் பத்து மாதத்தில் அந்த நிபுணர் குழுவின் அறைக்குள் என்ன நடந்தது? விஷயம் தெரிந்த ஒருவர் கையைத் தூக்கி, இது பிழை என்று சொன்னாரா, சொல்ல வந்து தண்ணீர் குடித்துவிட்டு இருந்தாரா? உங்கள் கமராவை அங்கே வையுங்கள். அந்த அறைக்கு ஒரு சுவர், மறு சுவரில் வெள்ளைத் துணி கட்டிய வேலி. ஜனாதிபதியைக் குரலாக மட்டும், தொலைபேசியில் கேட்டால் போதும். செலவும் குறைவு, நடிகருக்கு ஒப்பனையும் தேவையில்லை.

உண்மையான நோயாளிகள், அவர்களின் வீட்டார் பெயரைப் பாவிக்காதீர்கள். குழுவில் யார் என்ன பேசினார் என்று தெரியாத இடத்தில் உண்மைப் பெயரை வைத்து வசனம் எழுதாதீர்கள். கற்பனைப் பாத்திரம் என்று தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

கே: தம்பி, நான் அரசாங்கத்தில் முப்பது வருடம் வேலை செய்தவன். உட்கார்ந்து குறை சொல்வது சுகம். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது. முதல் அலையை இலங்கை நன்றாகக் கையாண்டது என்று வெளிநாடே சொன்னதே?
— ஒரு வாசகர், கரவெட்டி

ப: ஓம் ஐயா, அது உண்மை. 2020 செப்டெம்பர் முடியும்வரை முழு நாட்டிலும் இறந்தவர் 13 பேர். அதே நேரம் பிரித்தானியாவில் பல்லாயிரம். பி.எச்.ஐமார், ஆஸ்பத்திரி ஊழியர், கோப்பாய் கல்வியியற் கல்லூரியையும் மருதங்கேணி ஆஸ்பத்திரியையும் சிகிச்சை நிலையமாக மாற்றி இரவு பகலாய் நின்றவர்கள், யாழ். மருத்துவ பீடத்தில் பி.சி.ஆர் செய்தவர்கள், இவர்கள் எல்லாரையும் நாடகம் எடுக்கிறவர் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஆனால் ஐயா, இலங்கையில் இறந்த 16,000க்கு மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மை 2021இல் இறந்தவர்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாத ஆண்டு அல்ல அது. டெல்டா வகை வைரஸ் என்ன செய்யும் என்று ஏப்ரல், மேயில் இந்தியாவைப் பார்த்தே நமக்குத் தெரியும். ஓகஸ்டில் வைத்திய சங்கங்கள் மூடுங்கள் மூடுங்கள் என்று கத்தின. பொருளாதாரம் தாங்காது என்று பதில். கடைசியில் மல்வத்து, அஸ்கிரிய பௌத்த பீடங்களின் தலைவர்களான மகாநாயக்கர்களே ஒரு கிழமையாவது மூடச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அதற்குப் பிறகு 20 அன்று இரவுதான் முடக்கம் வந்தது. பொருளாதாரம் தாங்காது என்பது முழுப் பொய்யும் இல்லை, அடுத்த வருடம் எரிவாயு வரிசையில் நீங்களும் நின்றிருப்பீர்கள், நானும் நின்றேன். அதனால்தான் அந்த ஓகஸ்ட் நாட்களை எழுதுவது கஷ்டம், அதனால்தான் எழுத வேண்டும் என்கிறேன். நீங்கள் இருந்த மாதிரி ஒரு கந்தோரில், கோப்பு மேலே போய்க் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்த நாட்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மாணவருக்கு நீங்கள் அதைச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் இரண்டு பேரையும் தொடர்புபடுத்தி விடுகிறேன்.

கே: சனி ஞாயிறு ரெண்டு நாள்தான் இருக்கு. எதை முதல் பாக்கிறது?
— ஒரு வாசகர், வல்வெட்டித்துறை

ப: சனிக்கிழமை 'பிரெத்டேக்கிங்', மூன்று பகுதியையும் ஒரே இருப்பில் பார்க்கலாம். ஞாயிறு 'திஸ் இங்கிலாண்ட்', ஆறையும் பார்க்கத் தேவையில்லை, முதல் இரண்டைப் பார்த்துவிட்டு அலுத்தால் விட்டுவிடுங்கள். 2021இல் சனல் ஃபோரில் வந்த 'ஹெல்ப்' என்று இன்னொன்று இருக்கிறது, லிவர்பூல் முதியோர் இல்லத்தில் ஜோடி கோமர் ஒரு இரவு முழுக்கத் தனியாக நிற்கிற காட்சி, இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே ஓட்டம், வெட்டே இல்லை. போன் அடித்துக்கொண்டேயிருப்பா, யாரும் வரமாட்டார்கள். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்கள் படுத்த பிறகு போடுங்கள்.